பதினோரு மணி அழுகை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். மார்க்கெட்டுக்கு லீவு சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா, சோறு வடித்த கையை முந்தானையில் துடைத்தபடி நின்ற அம்மா, அகரத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய அத்தை, இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கித் தூக்கி எல்லோரையும் பார்த்த ஏழு மாதத் தங்கச்சி. இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பாவைப் பெற்றவள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். அம்மாவைப் பெற்றவள் திருப்பூரில் மாமா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பிள்ளைகள் வளர்ந்து முடித்த பிறகுதான் மகள் பிள்ளைகளின் முறை வரும், அது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அந்த இருவரில் ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தால் அன்றைய கூட்டமே நடந்திருக்காது.

பேச்சு தங்கச்சியைப் பற்றியது. அம்மா மறுபடியும் மில்லுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. வடமதுரை ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள். இந்த மாதம் வந்தால் பழைய சம்பளம், அடுத்த மாதம் வந்தால் புது ஆள் சம்பளம் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. கேரளா லாரிகளுக்கு லோடு ஏற்றுவார். அந்த வருமானம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது. சரியாக இல்லாமல் போனது நான்தான். எங்கள் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தில் முழுதாக ஒரு வருடம் உட்கார்ந்தவர்கள் கிடையாது. அதனால் என்னை உட்கார வைப்பதென்றால் நல்ல பள்ளிக்கூடத்திலேயே உட்கார வைப்பது என்று டையும் ஷூவும் கேட்கிற ஓர் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். என் கழுத்தில் தொங்கிய அந்த டையின் மறுமுனை அம்மாவின் மில்லில் கட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

அத்தை வந்த காரியத்தை நேராகச் சொன்னாள். "எங்கிட்டக் குடுத்துரு புள்ள. நாலு மாட்டப் பாக்குறவளுக்கு ஒரு பிள்ளையப் பாக்குறது பெருசா?"

"மாட்டப் பாக்குற மாதிரியா மதினி பிள்ளையப் பாக்குறது?" என்றாள் அம்மா.

"மாட்ட நான் நல்லாத்தேன் பாக்குறேன்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "அதுக்கில்ல மதினி. அகரத்துல விட்டா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமதேன் பாக்க முடியும். எனக்குச் சாயங்காலம் வேனை விட்டு எறங்குனா பிள்ள மொகம் பாக்கணும்."

அவள் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஒரு வாரம் இடம் தேடினார். காலை பத்து மணி வரை அவர் வீட்டில்தான் இருப்பார் என்பதும், அந்த நேரத்துக்காவது பிள்ளையை அவரே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்குத் தோன்றவில்லை, அப்பாவுக்குத் தோன்றுவதற்கு வழியே இல்லை.

மில்லிலேயே 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டிய ஓர் அறை இருந்தது. சுவரில் முயல் வரைந்திருக்கும். உள்ளே நூல் சுற்றுகிற காலிக் கோன்கள் அடைத்த அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் இருக்கும். அதிகாரிகள் வருகிற அன்று பெட்டிகள் வெளியே போய், யாருடைய பிள்ளையாவது உள்ளே வரும். அதிகாரிகளின் ஜீப் கிளம்பியதும் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பும். அடுத்து அப்பா பால்வாடிக்குப் போனார். டீச்சர் நல்லவர். "ரெண்டு வயசு முடியட்டும்ணே, கண்ணா வச்சுப் பாத்துக்கிறேன்" என்று சொல்லி ஒரு சத்துமாவுப் பாக்கெட் கொடுத்தனுப்பினார். அதை அப்பா ஒரு வெற்றியாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊருக்குள் ஒரு மாடியில் பிளே ஸ்கூல் இருந்தது. செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு ஏறிப் போனவர், அவர்கள் சொன்ன பணத்தைக் கேட்டுவிட்டு ஏறியதைவிட வேகமாக இறங்கினார். அது அம்மாவின் சம்பளத்தில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்குக்கு அவள் மில்லுக்குப் போவதைவிட வீட்டில் இருக்கலாம்.

கடைசியில் அகப்பட்டது இரண்டாவது தெருவில் இருந்த சாச்சி வீடு.

சாச்சி என்றால் சின்னம்மா, ஆனால் எங்களுக்கு உறவில்லை. அந்தத் தெருவே அவரைச் சாச்சி என்றுதான் கூப்பிட்டது. அவர் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு, காலையில் இடியாப்பம் அவித்து விற்றுக்கொண்டு, பத்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் சின்ன வெங்காயம் உரித்துக் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா கத்தரிக்காய் வாங்கும்போது காயைப் பார்க்க மாட்டார், காம்பைத்தான் பார்ப்பார். சாச்சி வீட்டிலும் அப்படித்தான் கவனித்திருக்கிறார். வந்து சொன்னார்: "நகத்த ஒட்ட வெட்டியிருக்கு. தண்ணித் தொட்டிய மூடி வச்சிருக்கு. போதும்."

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தங்கச்சியோடு போனாள். சாச்சி பிள்ளையை வாங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, அவளாக வரட்டும் என்று வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். செத்த நேரத்தில் தங்கச்சி தவழ்ந்து போய் வெங்காயத் தோலைப் பிடித்து இழுத்தாள். அப்புறம்தான் சாச்சி அவளைத் தொட்டார். சம்பளம் பற்றி, "நீங்க குடுக்குறதக் குடுங்க" என்றார். ஆனால் வேறொன்று கேட்டார்.

"தொட்டில் கட்ட ஓஞ்சேல ஒண்ணு வேணும்மா. பெட்டியில மடிச்சு வச்சது வேணாம். நேத்து உடுத்திக் கழட்டுனத, தொவைக்காமக் குடு."

அழுக்குச் சேலையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதா என்று அம்மாவுக்குக் கூச்சம். "வாட அடிக்குமே சாச்சி" என்றாள். "அந்த வாடைக்குத்தானம்மா கேக்குறேன்" என்றார் சாச்சி. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சேலை அது. கொடுக்கும்போது அம்மாவும் ஒன்று கேட்டாள். தலைக்கு ஊற்றுவதை மட்டும் தனக்கு விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தானே எண்ணெய் வைத்து ஊற்றிக்கொள்வேன், மற்ற நாளில் துடைத்துவிட்டால் போதும். சாச்சி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இனி என் வேலை. காலையில் ஏழரைக்கு மில் வேன் வரும். பள்ளிக்கூடம் விட்டு நான் நேராகச் சாச்சி வீட்டுக்குப் போவேன். ஆறு மணிக்கு வேன் திரும்பும்போது முக்கில் போய் நின்று அம்மாவைக் கூட்டி வருவேன். முக்கிலிருந்து சாச்சி வீட்டுக்கு நூற்றுப் பத்துத் தப்படி. அந்த வயதில் நான் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் வேனிலிருந்து அம்மா இறங்கினாள். தலை முடியெல்லாம் பஞ்சு. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துண்டைப் போட்டிருந்தாள், காலையில் போகும்போது அது பையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "பாப்பா அழுதுச்சாடா?"

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அது உண்மை. சாச்சி வெங்காயக் கூடையைத் தட்டித் தட்டி ஏதோ சொல்ல, தங்கச்சி சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா, "அப்படியா" என்றாள். அதற்குப் பிறகு நூற்றுப் பத்துத் தப்படியும் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். என் கையையும் பிடிக்கவில்லை.

என் வகுப்பு மிஸ்ஸும் இப்படித்தான் 'அப்படியா' என்பார்கள். அப்படியென்றால் விடை தப்பு. உடனே வேறு விடை சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் முதலில் கற்றுக்கொண்டது எழுத்தையல்ல, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து விடையை மாற்றுவதைத்தான். எங்கள் வீட்டில் அதைக் கற்ற முதல் ஆளும் நான்தான்.

மறுநாள் அம்மா அதையே கேட்டபோது, "கொஞ்சம் அழுதுச்சு" என்றேன்.

அம்மா நின்றுவிட்டாள். "எப்ப? எதுக்கு?" என்றாள். நான் யோசித்து, "ஒன்னயத் தேடுச்சு. வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோன் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்கள். வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்து, வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். சாச்சி வீட்டு வாசலை மிதித்ததும் என் கை விடப்பட்டது. தங்கச்சியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் இரவு தூங்குகிற வரை அவள் தங்கச்சியுடையவள். எனக்கு அந்த நூற்றுப் பத்துத் தப்படிதான்.

அதை நீட்டிக்க ஒரே வழி, அழுகையை நீட்டிப்பது. மூன்றாம் நாள் தங்கச்சி இரண்டு தடவை அழுதாள். அடுத்த வாரம் கூழ் குடிக்காமல் அழுதாள். ஒருநாள் தொட்டில் சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்; அதைக் கேட்டதும் அம்மா முக்குக் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். வீட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே தங்கச்சி கொழுகொழுவென்று ஆகிக்கொண்டிருந்தாள். அம்மா ஒருநாள் சாச்சியிடமே ஜாடையாகக் கேட்டாள். "தங்கமால்ல இருக்கு, எங்க அழுகுது?" என்றார் சாச்சி. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தங்கச்சியைப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், "சொல்லுவாகளா? சம்பளம் வாங்குறவுக அழுதுச்சுன்னு சொல்லுவாகளா?"

மூன்றாவது மாதத்தில் ஒரு சாயங்காலம் அவள் கேள்வியை மாற்றினாள். "இன்னைக்குப் பதினோரு மணிக்கு அழுதுச்சா?"

பதினோரு மணிக்கு நான் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் கேட்ட முகத்தில் விடை எழுதியிருந்தது. "ஆமாம்மா" என்றேன். "கத்திக் கத்தி மூச்சே நின்னுருச்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "தெனமும் அந்நேரத்துக்குத்தேன் தெரியும்."

மில்லில் பெண்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. பிள்ளை எங்கே அழுதாலும் பெற்றவளுக்கு மாரில் தெரியும், பால் தானாகச் சுரந்து ரவிக்கையை நனைக்கும் என்று. அந்தத் துண்டு அதற்குத்தான். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் என் விடை முழு மார்க் வாங்கிவிட்டது என்பதுதான். எட்டு மணி நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவனுக்குப் பதினோரு மணி அழுகை எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. ஏற்கெனவே தன் உடம்பு சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மிஸ்களுக்கு ஏதோ கூட்டம் என்று எங்களுக்கு விடுமுறை. காலையிலிருந்தே நான் சாச்சி வீட்டில் இருந்தேன். தங்கச்சி பன்னிரண்டு மணிக்குக் கூழ் குடித்தாள். குடித்த கையோடு நான் அவளைத் தூக்கிக் குலுக்கி விளையாட்டுக் காட்ட, குடித்தது மொத்தமும் அவள் தலை, கழுத்து, காது மடல் என்று வழிந்தது. சாச்சி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. கழுத்து மடிப்பில் ஏற்கெனவே வேர்க்குரு இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு சாச்சிக்கு நினைவிருந்தது என்பதற்கு நான் சாட்சி. "ஒங்கம்மாக்கிட்ட நாஞ் சொல்லிக்கிறேன் அப்பு, இப்படியே விட்டா பிள்ளைக்குப் புண்ணாயிரும்" என்று என்னிடம் அனுமதி கேட்பது போலச் சொன்னார். வெந்நீர் போட்டார். காற்று அடிக்கக் கூடாதென்று வாசல் கதவைச் சாத்தினார். காலை நீட்டி உட்கார்ந்து, தங்கச்சியைக் குப்புறப் போட்டு, தலையில் ஊற்றினார்.

தலைக்கு ஊற்றினால் அழாத பிள்ளை எங்கே இருக்கிறது. தங்கச்சி வீல் என்று கத்தினாள். தெருமுனை வரை கேட்டிருக்கும். கேட்டது.

மில்லில் அன்றைக்குப் பதினோரு மணிக்குத் துண்டும் நனைந்துபோனதாம். மேஸ்திரியிடம் வயிற்று வலி என்று சொல்லி, அரை நாள் சம்பளத்தையும் அந்த மாதம் லீவு போடாததற்கு வரவேண்டிய படியையும் விட்டுவிட்டு, மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள் அம்மா. இரண்டு மாதமாக அவள் கேள்வியால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அழுகை, தெருவில் கால் வைத்ததும் காதாலேயே கேட்டது. அதுவும் சாத்திய கதவுக்குப் பின்னால்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஈரத்தோடு பிள்ளையைப் பிடுங்கினாள். நான் பூந்துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். அதைக்கூட வாங்கவில்லை.

"ஊத்த வேணாம்னு சொன்னேன்ல?"

"கூழக் கக்கிருச்சும்மா, காதுக்குள்ள போயிருச்சு..."

"எம்பிள்ள தெனமும் கத்துது, கதவச் சாத்திக்கிட்டா இருக்கீக?"

சாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்து நீர் சொட்டியது. "யாரும்மா சொன்னது, தெனமும் கத்துதுன்னு?"

அம்மா என்னைக் காட்டினாள்.

சாச்சி என் பக்கம் திரும்பினார். கோபமாகத் திரும்பியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என் அருகில் குனிந்து, "நீயா சொன்ன அப்பு?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். "அழுதுச்சா?" என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என் முகத்தை, பிறகு அம்மாவின் நனைந்த ரவிக்கையை, பிறகு மறுபடி என் முகத்தைப் பார்த்தார். எதையோ கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டவர் போல எழுந்தார்.

"சரிம்மா" என்றார். "பிள்ளையக் கொண்டு போ. அவன ஒண்ணுங் கேக்காத."

தொட்டிலை அவிழ்த்து, அந்தப் பச்சைச் சேலையை மடித்து, அதன்மேல் மீதி நாட்களுக்கான பணத்தை வைத்துக் கொடுத்தார். அம்மா பணத்தை வாங்கவில்லை, சேலையை வாங்கினாள். வீட்டுக்கு வந்து தங்கச்சியை மடியில் போட்டதும் தங்கச்சி நிம்மதியாகக் குடித்துவிட்டுத் தூங்கினாள். அம்மா சேலையை முகர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் சாச்சி அதைத் துவைக்கவே இல்லை. அம்மாவின் வாசனையோடு வெங்காய வாசனையும் இடியாப்பத் தேங்காய்ப்பால் வாசனையும் ஏறியிருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாச்சி என்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாதென்று சொன்னதை நான் எல்லோருக்கும் பொதுவான உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

மில்லை விடுவதென்ற பேச்சு ஒரு ராத்திரி எழுந்து காலையில் அடங்கியது. இரண்டாம் டெர்ம் பீஸ் கட்டச் சொல்லி என் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். பிள்ளையை வாங்கிக்கொள்ளத் துண்டோடு வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டைப் பற்றியோ தன் பேச்சு பலித்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அவளுக்கு இரண்டு சேலை கொடுத்தாள், இரண்டும் துவைக்காதவை. எதற்கென்று அவளே அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தாள், யாரிடம் கற்றது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறு மணி வேனுக்கு நான் முக்கில் போய் நிற்பது நிற்கவில்லை. அம்மா இறங்குவாள். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. நூற்றுப் பத்துத் தப்படியும் தேவையில்லை, இரண்டாவது தெருவுக்குத் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடலாம். என் கை அவள் கையில்தான் இருந்தது. நான் கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது, வழி நெடுக, வீட்டிலும். ஆனால் அந்தக் கையில் இறுக்கமே இருக்காது. ஒருநாள் நானாகவே, "பாப்பா அங்க அழுகுமாம்மா?" என்று கேட்டேன். "அழுகாது" என்றாள். "அத்தை நல்லாப் பாத்துக்கிறா." சரியான விடையைத்தான் சொன்னாள், ஆனால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாச்சி அதற்குப் பிறகும் தெருவில் என்னைப் பார்த்தால், "சாப்டியா அப்பு?" என்று கேட்பார். நான் ஓடிவிடுவேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். ஓர் ஏழு வயதுப் பையன் அடி வாங்கியிருப்பான், தங்கச்சி இரண்டாவது தெருவிலேயே வளர்ந்திருப்பாள். அவர் என்னைக் காப்பாற்றினார் என்பது தெரியாமல், நான் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு தோறும் அம்மாவும் நானும் அகரம் போனோம். அப்பாவுக்கு ஞாயிறு கிடையாது. காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவோம். தங்கச்சி அங்கேதான் எழுந்து நின்றாள், அங்கேதான் நடந்தாள். இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை நடக்கவில்லை. அத்தையை அவள் "ம்மா" என்று கூப்பிட்டாள். அத்தைக்குச் சங்கடமாகிவிடும். அம்மாவைக் காட்டி, "இந்தா பாரு, இதான் அம்மா. அம்மா சொல்லு" என்பாள். தங்கச்சி அம்மாவைப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்து இந்தப் பெண் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, தலைக்கு ஊற்றி அழவைத்து, சாயங்காலம் கையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறவள். அதனால் அம்மாவுக்கு அவள் வைத்த பெயர் 'டாட்டா'. அம்மா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே, "டாட்டா, டாட்டா" என்று சந்தோஷமாக ஓடி வருவாள். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

போன வருடம் என் ஆபீஸில் உடன் வேலை பார்க்கும் ஓர் அக்கா பிரசவ லீவு முடிந்து வந்தார். தினமும் பதினொன்றை நெருங்கும்போது கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. "வீட்டுல பதினோரு மணிக்குக் குடுத்துப் பழகிருச்சு. லீவு முடிஞ்சது ஒடம்புக்குத் தெரியலையே."

நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆக, பதினோரு மணிக்கு எந்தப் பிள்ளையும் அழவில்லை. தங்கச்சி அந்த நேரத்தில் வெங்காயத் தோலோடு விளையாடிக்கொண்டிருந்திருப்பாள். மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு தேடியது அம்மாவின் உடம்புதான். அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் அவள் என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். அந்த அழுகைகளை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, சேலையை வாயில் வைத்துக்கொண்டது, ஆறு மணி ஆகிறதா என்று கேட்டது. சாச்சி வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது உண்மை. அதற்கு ஏழு வயது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதைத் தங்கச்சிதான் அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். இந்த இடத்துக்கு வரும்போது அம்மா போதும் என்று நிறுத்தினால், மேலே வாசிக்க நான் சொன்னதாகத் தங்கச்சி சொல்லட்டும்.

தங்கச்சிக்கு இரண்டு வயது முடிந்து, பால்வாடி டீச்சர் சொன்ன சொல் தவறாமல் சேர்த்துக்கொண்ட வாரம், அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்த அன்று அவள் அத்தையைக் கேட்டு அழுதாள், உண்மையாகவே மூச்சு நிற்கிற மாதிரி. அழுது தூங்கிய பிறகு, அம்மா பரணிலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து என் முன்னால் கவிழ்த்தாள். எல்லாம் பஸ் டிக்கெட். ஒன்றையும் கீழே போடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு, பெருக்கலில் வகுப்பில் முதல் ஆள்.

"எம்புட்டு ஆச்சுன்னு பாரு சாமி" என்றாள்.

எண்ணினேன். அறுபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு நாலு ரூபாய், எனக்கு அரை டிக்கெட் இரண்டு ரூபாய், போக ஆறு, வர ஆறு. நோட்டில் கோடு போட்டு, அறுபத்திரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, மிஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொன்னேன். அம்மா டிக்கெட்டுகளையும் என்னையும் தூங்குகிற தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

விடை தப்போ என்று பயந்து மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தும் நான் விடையை மாற்றவில்லை. எழுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய்தான்.